மூன்று கதைக்கும் மூன்று சுருதி: ஒரு கோயில் பாண்டின் வயதைக் கண்டுபிடிப்பது

கேட்கப்பட்டது இது: "கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் இருக்கும் எங்கட கிராமத்துக் கோயிலில் பழைய பாண்ட் வாத்தியக் குழு ஒன்று இருக்கிறது. இந்த முறைத் திருநாள் மலரில் அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னுடையது. பிரெஞ்சுச் சாமிமார் 1900களில் தொடக்கினது என்கிறார் ஒருவர். அமெரிக்கச் சாமிமார் கொண்டுவந்தது என்கிறார் இன்னொருவர். ஹேர்மிஸ் கப்பல் தாண்டபோது கரைக்கு வந்த வாத்தியங்கள் என்கிறார் மூன்றாமவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. மிஞ்சிக் கிடப்பது பித்தளை ஊதுவாத்தியங்களான இரண்டு கோர்னட், ஒரு யூபோனியம், பழுதான ஒரு டெனர் ஹோர்ன், அதோடு ஒரு பெரிய ட்ரம். கோர்னட் எவ்வளவு இழுத்து வைத்தாலும் கீபோர்டோடு சேராது, மேலேயே நிற்கும். யூபோனியத்தில் 'பூசி அண்ட் ஹாக்ஸ், லண்டன்' என்று வெட்டியிருக்கிறது. பழைய ஆட்களில் 86 வயதான ஒரு பெரியவர் மட்டும் இருக்கிறார், அவருக்கும் நினைவு தடுமாறுகிறது. எங்கே தொடங்குவது?"

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே விடையின் பாதி கிடக்கிறது. மூன்று பேர் மூன்று கதை சொல்கிறார்கள், ஆனால் கோர்னட் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டது. கீபோர்டோடு சேராமல் மேலே நிற்கிறது என்று ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறைதான் உங்களுக்குக் கிடைத்த முதல் ஆவணம்.

அதைச் சொல்லமுன் ஒரு வேண்டுகோள். திருநாள் வருகிறதென்று வாத்தியங்களை பிராசோ போட்டோ, புளியும் சாம்பலும் போட்டோ மினுக்கத் தொடங்கிவிடாதீர்கள். பழைய வெட்டெழுத்துகள் ஆழமில்லாதவை. ஐம்பது, அறுபது திருநாளுக்கு மினுக்கி மினுக்கியே பாதி எழுத்து போயிருக்கும். மிஞ்சினதை முதலில் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் பிடித்தால் எழுத்து தெரியாது. டோர்ச்சைப் பக்கவாட்டில், தகட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள், மறைந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பி வரும்.

இனிச் சுருதிக்கு வருவோம். இன்றைக்கு உலகம் முழுக்க கீபோர்டும் கிற்றாரும் ஒரே அளவுகோலில் நிற்கின்றன: நடு 'ஏ' சுரம் நொடிக்கு 440 அதிர்வு. நூறு வருடத்துக்கு முன் நிலைமை இப்படியில்லை. பிரான்ஸ் 1859இல் அரச ஆணையாகவே 435 என்று நிர்ணயித்தது. இங்கிலாந்தின் பாண்டுகள் 452க்கு மேலே நின்றன. அதை உயர்சுருதி என்பார்கள். அமெரிக்காவில் செய்த வாத்தியங்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதிக்குள்ளேயே 440இல் நிலைத்துவிட்டன. ஆக, உங்கள் ஊரில் உலவும் கதைகளுக்கு ஆளுக்கொரு சுருதி உண்டு. பிரெஞ்சு வாத்தியம் கீபோர்டை விடச் சற்றுத் தாழ நிற்கும். அமெரிக்க வாத்தியம் கீபோர்டோடு சேரும். மேலே நின்று அடம்பிடிப்பது இங்கிலாந்து வாத்தியம்.

எவ்வளவு மேலே என்பதையும் அளக்கலாம். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையிலுள்ள அரைத்தொனியை நூறு பங்காக்கினால், உயர்சுருதி ஏறத்தாழ 48 பங்கு மேலே நிற்கும். அதாவது கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நட்ட நடுவில் விழும், எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாமல். பிரெஞ்சுச் சுருதி 20 பங்கு கீழே நிற்கும். கைத்தொலைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்று போதும். ஆனால் எங்கள் ஊர் வெக்கையைக் கணக்கில் எடுங்கள். காற்று சூடேற வாத்தியத்தின் சுருதியும் ஏறும். மத்தியானம் கோயில் விறாந்தையில் நின்று ஊதினால் பிரெஞ்சு வாத்தியம்கூட 440க்குக் கிட்ட வந்து உங்களை ஏமாற்றும். விடியப்புறம், இரண்டு நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு, சுருதிக் குழாயை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, வால்வு ஒன்றும் அழுத்தாமல் ஒரு நீண்ட சுரம் பிடியுங்கள். செயலியின் முள் 50 பக்கம் போய் நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தக் கோர்னட்டை ஏன் இழுத்தும் சேர்க்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பிள்ளைகள் தங்கள் காதில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கோர்னட்டின் குழாய் நீளம் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 452இலிருந்து 440க்கு இறங்க அதில் 4 சென்ரிமீற்றர் கூட வேண்டும். பிரதான குழாயை 2 சென்ரிமீற்றர் இழுத்தால் போக்கும் வரவுமாக 4 கிடைக்கும், அதோடு முடிந்தது என்று தோன்றும். முடியாது. முதல் வால்வு சுரத்தை ஒரு முழுத்தொனி இறக்குகிறது, இரண்டாவது அரைத்தொனி, மூன்றாவது ஒன்றரைத் தொனி. அந்த மூன்றுக்கும் உரிய சிறு குழாய்கள் பழைய உயர்சுருதி அளவிலேயே வெட்டப்பட்டவை. பிரதான குழாயை நீட்டினால் திறந்த சுரம் சேரும், வால்வு அழுத்திய சுரங்கள் விலகும். பெரிய பாண்டுகளில் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டுத்துண்டு வைத்துப் பற்றவைத்து இறக்கினார்கள். உங்கள் யூபோனியத்தின் குழாய் வளைவுகளை விரலால் தடவிப் பாருங்கள். அண்டையில் வளையம் போல ஒரு பொருத்து தட்டுப்பட்டால், யாரோ ஒரு காலத்தில் அதை இறக்கியிருக்கிறார்கள், அதாவது கீபோர்டோ புது ஓகனோ கோயிலுக்கு வந்த காலத்தில். யூபோனியம் சேருகிறது, கோர்னட் சேரவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

அடுத்தது பெயர். பூசி ஒரு கம்பனி, ஹாக்ஸ் இன்னொரு கம்பனி, இரண்டும் லண்டனில் போட்டிபோட்டு வாத்தியம் செய்தவை. அவை ஒன்றாகச் சேர்ந்தது 1930இல். ஆகவே இரண்டு பெயரும் சேர்த்து வெட்டிய யூபோனியம் 1930க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. இன்னொரு பக்கம், அந்தக் கம்பனி உயர்சுருதி வாத்தியம் செய்வதை 1960களின் நடுவில் நிறுத்திவிட்டது. உங்கள் யூபோனியமும் உயர்சுருதியில் செய்ததென்றால், இந்த இரண்டு வேலிக்கும் நடுவில்தான் அது பிறந்திருக்கிறது. இரண்டாம் வால்வின் உறையில் ஓர் இலக்கம் வெட்டியிருக்கும். பூசி அண்ட் ஹாக்ஸின் பழைய வாத்தியப் பதிவுகள் லண்டனில் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இலக்கத்தையும் படத்தையும் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். கோர்னட்டிலும் இலக்கம் தேடுங்கள். அதில் 'பூசி' மட்டும் அல்லது 'ஹாக்ஸ்' மட்டும் இருந்தால் அது 1930க்கு முந்தியது, யூபோனியத்தை விட மூத்தது. டெனர் ஹோர்னில் மீரட் என்ற ஊர்ப்பெயர் இருந்தால் அது வட இந்தியாவில் செய்தது. நாதிர் அலி கம்பனி 1885இலிருந்து அங்கே இருக்கிறது, இந்தியாவின் கலியாண பாண்டுகளுக்கெல்லாம் அந்த நகரம்தான் வாத்தியம் கொடுக்கிறது.

ஹேர்மிஸ் கதைக்கு அதிக நேரம் தேவையில்லை. அந்த விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டுச் சில நிமிடங்களில் தாண்டது. முந்நூறு பேர் அளவில் இறந்தார்கள். இன்றும் மட்டக்களப்புக்கு வெளியே 50 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணெய் மிதக்கும் கடலில் குதித்த மனிதர்கள் யூபோனியத்தைத் தூக்கிக்கொண்டு நீந்தியிருக்க மாட்டார்கள். அதோடு, பிரித்தானிய இராணுவப் பாண்டுகள் 1920களின் முடிவிலேயே உயர்சுருதியைக் கைவிட்டுவிட்டன. 1930க்குப் பிறகு செய்த உயர்சுருதி வாத்தியம் ஊர்ப் பாண்டுகளுக்கும் தொழிற்சாலைப் பாண்டுகளுக்கும் இரட்சணிய சேனைக்கும் செய்ததே. படைக் கப்பலில் அதற்கு வேலையில்லை. என்றாலும் அந்தக் கதையை மலரிலிருந்து வெட்டிவிடாதீர்கள். 'ஊரில் இப்படி ஒரு கதை உண்டு' என்று எழுதுங்கள். அந்தக் காலை கரையில் நின்று புகையைப் பார்த்த சனங்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா இதைச் சொல்கிறார்கள்.

இப்போது சாமிமார். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்குள்தான் மட்டக்களப்பும் அடங்கியது. பிரெஞ்சு யேசுசபையினர் அதற்குப் பொறுப்பாக வந்து அரை நூற்றாண்டு உழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்க யேசுசபையினர் வரத் தொடங்கினார்கள். அவர்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர். அந்த ஊரைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும்: பித்தளை வாத்தியம் இல்லாமல் அங்கே பிரேதம் எடுப்பதில்லை என்னுமளவுக்கு ஊரே பாண்டோடு வாழ்கிற நகரம் அது. போகும்போது மெல்லிய நடையில் துக்கப் பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளும் தாளம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் எங்கள் கோயில்களில் தூசி படிந்து கிடந்த யூபோனியத்தைக் கண்டால் சும்மா விட்டிருப்பார்களா என்று நான் எண்ணுவதுண்டு. ஆனால் எண்ணம் வேறு, ஆதாரம் வேறு. மலரில் எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆதாரப்படி இவ்வளவு சொல்லலாம். கையில் இருக்கும் யூபோனியம் பிரெஞ்சுக் கதையின் 1900களுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் செய்த வாத்தியமும் அல்ல. ஆனால் கருவி வந்த நாள்தான் குழு பிறந்த நாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான மலர்கள் சறுக்குகின்றன. பாண்ட் என்பது வாத்தியம் மாறிக்கொண்டே இருக்கிற ஒரு குடும்பம். வீட்டுக் கூரை ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறினாலும் வீடு அதேதான் என்பது போல, முதல் வாத்தியங்கள் உக்கிப்போய், அவற்றை விற்று, அடுத்தவை வாங்கியிருப்பார்கள். எங்கள் உப்புக் காற்றில் பித்தளை நெடுநாள் நிற்காது. ஊதுபவரின் எச்சிலும் சேர்ந்து பித்தளையிலிருக்கும் நாகத்தைத் தின்றுவிடும். இளஞ்சிவப்புப் புள்ளி விழும், பிறகு ஊசித் துவாரம். உங்கள் டெனர் ஹோர்னில் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்ப்பீர்கள். ஆகவே ஒருவர் 1900கள் என்கிறார், வாத்தியம் 1930க்குப் பிறகு என்கிறது என்றால், இருவரில் ஒருவர் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டாம் தலைமுறை வாத்தியமாக இருக்கலாம்.

காலத்தை இன்னும் நெருக்கலாம். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று உங்கள் தாய் தகப்பனைக் கேளுங்கள். சீலைக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் எந்தக் கோயிலும் லண்டனிலிருந்து யூபோனியம் எடுப்பித்திருக்காது. அதற்கு முன் 1960, 61இல் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. இதைக் கவனமாகத் தேடுங்கள். அதுவரை சாமிமாரின் பாடசாலையும் கோயிலும் ஒரே வளவு, ஒரே அலுமாரி. பொறுப்பேற்றபோது கதிரை மேசையிலிருந்து எல்லாவற்றையும் பட்டியல் போட்டார்கள். வாத்தியம் பாடசாலைக்கா கோயிலுக்கா என்ற கேள்வி பல ஊர்களில் எழுந்தது. சில ஊர்களில் கோர்னட் பாடசாலைக்குப் போனது, ட்ரம் கோயிலில் நின்றது. உங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய இருப்புப் பதிவேட்டைப் பார்க்க அதிபரிடம் அனுமதி கேளுங்கள். குழு முழுமையாக இருந்தால் ஆறேழு கோர்னட்டாவது இருந்திருக்கும். மிச்சம் எங்கே போனது என்பதும் வரலாறுதான்.

மிச்சம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் எங்கள் குழுவில் ஆறு பழைய கோர்னட்டுகளை, கீபோர்டோடு சேரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, பழைய பித்தளை எடுக்க வந்தவருக்கு நிறைபோட்டு விற்றோம். தராசைப் பிடித்தது நான். அந்தக் காசுக்கு ஒரேயொரு புது ட்ரம்பெட் வந்தது. ஆறு கோர்னட்டிலும் பெயர் வெட்டியிருந்தது, ஒன்றின் வாயருகே யாரோ ஒரு பழைய வாசிப்பாளர் தன் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறியிருந்தார். ஒரு எழுத்தைக்கூட நான் குறித்து வைக்கவில்லை. உங்கள் கேள்வியைக் கண்டதும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது அந்தத் தராசின் பாரத்தால்தான்.

பெரிய ட்ரம்மைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். வட்டையைச் சுற்றிக் கயிறு இழுத்துக் கட்டியதா, இரும்புத் திருகாணியா? முகப்பு தோலா, பிளாஸ்ரிக்கா? பிளாஸ்ரிக் முகப்பு 1950களின் பிற்பகுதியில்தான் உலகத்துக்கே வந்தது. தோல் என்றால் அதை யார் பதப்படுத்தி, யார் போர்த்தினார்கள் என்று கேளுங்கள். மாரியில் ட்ரம் தொய்ந்துவிடும். வைக்கோல் கொளுத்தி அனலில் காட்டி ஏற்றுவார்கள். அந்த வேலையைக் கைபடியச் செய்யத் தெரிந்தவர்கள் எங்கள் பகுதியில் பறைமேளக் கலைஞர்கள். எங்கள் குழுவின் ட்ரம்முக்கு நான் சிறுவனாக இருந்தபோது தோல் போர்த்தியவர் அப்படி ஒரு பெரியவர். அவர் ட்ரம்மைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, இன்னும் ஒரு இழுப்பு என்பார். பாண்ட் மாஸ்டர் மறுபேச்சுப் பேசமாட்டார். ஆனால் குழுப் படத்தில் அவர் இல்லை.

இதை வெளிப்படையாக எழுதவேண்டும் என்று நான் விரும்புகிறேன். மட்டக்களப்பில் பறை வெறும் சாவுக்குரிய வாத்தியமல்ல. பறையும் சொர்ணாளிக் குழலும் சேர்ந்த பறைமேளக் கூத்து தனக்கென்று அடவும் தாளக்கட்டும் உள்ள ஒரு பெருங்கலை, கோயில் சடங்குகளில் உரிய இடமும் அதற்கு இருந்தது. ஆனால் செத்தவீட்டுக்குப் பறை அடிப்பது ஒரு சாதியார் மேல் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. கூப்பிட்டால் வரவேண்டும், வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பலர் அந்த ஊழியத்தை மறுத்துப் பறையைக் கீழே வைத்தார்கள். அவர்களின் மானத்துக்கு அது தேவையாக இருந்தது. பிரேதத்துக்கு முன்னால் அப்படி வெறுமையான இடத்துக்குள்தான் பல ஊர்களில் பாண்ட் நடந்து வந்தது. பித்தளை வாத்தியத்துக்குச் சாதிப் பெயர் இல்லை, யாரும் ஊதலாம், வெள்ளைச் சட்டை போட்டுத் தெரு நடுவில் நடக்கலாம். பாண்ட் எங்களுக்குள் இவ்வளவு வேர்விட்டதற்குப் பக்தி ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். உங்கள் ஊரில் எந்த வருடம்வரை செத்தவீட்டில் பறை கேட்டது, எந்த வருடத்திலிருந்து பாண்ட் கேட்டது என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். பதில் சொல்ல முகம் சுழிப்பவர்கள் இருப்பார்கள். பொறுமையாகக் கேளுங்கள். பறையை வைத்துவிட்டு அதே குடும்பத்துப் பிள்ளை பாண்டில் சைட் ட்ரம் எடுத்ததும் நடந்திருக்கும். அந்தப் பெயர் மலரில் வராவிட்டால் மலர் பொய்.

ட்ரம்மின் தாளத்திலும் ஒரு தடயம் உண்டு. மட்டக்களப்பில் தாண்டவன்வெளியிலும் டச்பாரிலும் பறங்கியர் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் பாடி, வயலினும் மண்டலினும் றபானும் வைத்து கப்ரிஞ்ஞா ஆடியவர்கள். அவர்களில் பலர் தச்சரும் கொல்லரும் மெக்கானிக்குமாக இருந்தார்கள். கத்தோலிக்கத் திருநாளில் எங்களோடு ஒரே பவனியில் நடந்தவர்கள். கப்ரிஞ்ஞா ஆறெட்டுத் தாளத்தில் ஊசலாடுவது. உங்கள் பெரியவரிடம் பவனிக்கு அடித்த தாளத்தை மேசையில் தட்டிக்காட்டச் சொல்லுங்கள். இரண்டு இரண்டாக நேரே விழுந்தால் பாடசாலை அணிநடை வழி. மூன்று மூன்றாக ஊஞ்சல் போல விழுந்தால், ட்ரம் பழக்கிய கை பறங்கியருடையதா என்று விசாரியுங்கள். டச்பாரில் 2004 டிசம்பர் 26 கடல்கோள் எவ்வளவைக் கொண்டுபோனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயலின்களும் படங்களும் மட்டும் போகவில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்களும் போனார்கள்.

எழுத்தில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். தேடும் இடம் தெரியாமல் அப்படிச் சொல்ல வேண்டாம். பங்கின் வரவு செலவுக் கொப்பிகளில் 'பாண்ட்' என்று இருக்காது. 'வாத்தியகாரருக்குத் தேநீர்', 'தோல்', 'வெள்ளைத் துணி இத்தனை யார்' என்று இருக்கும். சாமிமாரின் பழைய நாட்குறிப்பு பிரெஞ்சில் இருந்தால் பயப்பட வேண்டாம், ஒவ்வொரு வருடமும் உங்கள் திருநாள் திகதிப் பக்கத்தை மட்டும் படமெடுத்து ஒருவரிடம் காட்டினால் போதும். யாழ்ப்பாணத்தில் 1876இலிருந்து வெளிவந்த பாதுகாவலனில் ஊர்த் திருநாள் செய்திகள் வந்திருக்கின்றன. மட்டக்களப்பின் தொண்டன் இதழ்களையும் புரட்டுங்கள். நூலகம் இணையத்தளத்தில் பழைய சிறப்பு மலர்கள் பல ஏற்றப்பட்டிருக்கின்றன. அயல் ஊர் மலரில் உங்கள் குழு விருந்தாளியாக வந்த படம் இருக்கக்கூடும். எங்கள் குழுவின் மிகப் பழைய படத்தை நான் கண்டது எங்கள் ஊரில் அல்ல, ஆயித்தியமலைத் திருநாளுக்குக் கூட்டாகப் போன வேறொரு ஊர்க்காரரின் வீட்டுச் சுவரில்.

சுரம் எழுதிய பழைய கொப்பி ஏதும் கிடைத்தால் அது தங்கம். ஐந்து கோட்டில் எழுதியதா, அல்லது ஆங்கில எழுத்தில் டோ, ரே, மீ என்று சுருக்கி எழுதியதா பாருங்கள். அந்த எழுத்துமுறை மெதடிஸ்த பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கப் பயன்பட்டது. மெதடிஸ்தர் மட்டக்களப்புக்கு 1814இலேயே வந்துவிட்டார்கள். கத்தோலிக்கக் கோயில் பாண்டின் கொப்பியில் அந்த எழுத்து இருந்தால் பழக்கிய மாஸ்டர் எங்கே படித்தவர் என்ற கேள்வி பிறக்கும். வாத்தியம் மதம் பார்க்காமல் ஊர் கடந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வருடம் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் வராது. "57 வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். "78 சூறாவளியில் கோயில் கூரை போனபோது வாத்தியம் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அந்த நவம்பர் 23 இரவை வாழ்ந்தவர் எவரும் மறக்கவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு ஊர் பெயர்ந்தபோது வாத்தியத்தைத் தூக்கியது யார், புதைத்தது யார்? அமெரிக்க யேசுசபையினரான ஹேபேர் சாமியார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வழியில் காணாமற்போனாரே, அந்த வருடம் திருநாளுக்குப் பாண்ட் ஊதினார்களா? ஊரடங்கு இருந்த வருடங்களில் இரவுப் பவனி பகலுக்கு மாறியது, சில வருடம் நின்றே போனது. பாண்ட் ஊதாத வருடங்களையும் எழுதுங்கள். எங்கள் குழு இளம் பிள்ளைகளின் பெட்டிகளுக்கு முன்னால் நடந்த அளவுக்கு அந்த ஆண்டுகளில் திருநாளுக்கு நடக்கவில்லை.

கடைசியாக உங்கள் 86 வயதுப் பெரியவர். இவ்வளவு எழுதினாலும் நீங்கள் முதலில் போகவேண்டியது அவர் வீட்டுக்கு, இந்தக் கிழமையே. கேள்விப் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவர் 1965க்கு முன் ஊதத் தொடங்கியிருந்தால் இலத்தீன் நற்கருணைப் பாட்டு வாசித்திருப்பார். 'தாந்தும் ஏர்கோ' என்று நீங்கள் முதல் அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தால் மற்றது தானாக வரும், அதிலிருந்து காலமும் தெரிந்துவிடும். கோர்னட்டைத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு வால்வுகளை இளக்கி எடுத்துப் போங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பிடித்துவிடும். ஊதச் சொல்லாதீர்கள், பல் இல்லாமல் ஊத முடியாது, முடியவில்லையென்று மனம் உடைந்துபோவார். கையில் மட்டும் கொடுங்கள். கொடுத்துவிட்டு வேறு ஏதாவது பேசுங்கள். சற்று நேரத்தில் விரல்கள் வால்வில் அசையத் தொடங்கும், வாய்க்குள்ளே முனகலும் வரும். அப்போது முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் படம் பிடியுங்கள். எந்த வால்வு, எந்த வரிசை என்பதும் அந்த முனகலும் இருந்தால், பாட்டு எதுவென்று நான் எழுதித் தருவேன்.